அகக்காட்சியின் ஓவியர்

நுழையும்முன்

கண்ணெதிரே இருப்பதைக் கண்டவாறே வரைவது ஓவியக்கலையின் ஒரு மரபு. புறக்கண்ணுக்குப் புலப்படாத ஒன்றை, அது கண்ணெதிரே நிற்பதுபோலவே கோடு பிசகாமல் வரைவது மற்றொரு மரபு. இவ்விரண்டாம் மரபில் ஆங்கிலக் கலையுலகிற்குப் பெருங்கொடை அளித்தவர் வில்லியம் பிளேக். கவிஞர், ஓவியர், செதுக்கோவியர், அச்சாளர் எனப் பலர் கூடிச் செய்யும் பணிகளைத் தாம் ஒருவராகவே செய்தவர். வாழ்ந்த காலத்தில் பித்தர் என்று ஒதுக்கப்பட்டவர். மறைந்த பின்னர் உலகம் போற்றும் கலைஞராக உயர்ந்தவர். அவரது வாழ்வையும் பணியையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைப் பருவம்

1757 ஆம் ஆண்டு நவம்பர் 28 ஆம் நாள் இலண்டன் மாநகரின் சோகோ பகுதியில், பிராட் தெருவில் வில்லியம் பிளேக் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பிளேக், காலுறை முதலியவற்றை விற்கும் சிறு வணிகர், தாய் கேத்தரின். பெருஞ்செல்வமும் இல்லாத, கொடும் வறுமையும் இல்லாத எளிய வணிகக் குடும்பம் அது.

பிளேக்கின் இயல்பு இளமையிலேயே பிற சிறுவர்களின் இயல்பிலிருந்து வேறுபட்டிருந்தது. நான்கு வயதில் சன்னலில் இறைவனின் முகத்தைக் கண்டு அவர் அலறினார் என்று அவருடைய மனைவி பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். எட்டு அல்லது பத்து வயதில், நகருக்குத் தெற்கே உள்ள பெக்காம் ரை என்னும் திறந்தவெளியில் நடந்து சென்றபோது ஒரு மரம் முழுவதும் வானவர் நிறைந்திருக்கக் கண்டார். வீடு திரும்பி அதனைக் கூறியபோது, பொய் பேசுவதாக எண்ணிய தந்தை அவரை அடிக்க முற்பட்டார். தாய் குறுக்கிட்டுத் தடுத்தார். கண்டதைக் கண்டபடி கூறினால் தண்டனை கிடைக்கும் என்பதை அன்றே அவர் அறிந்துகொண்டார். ஆயினும் காண்பதையும் கூறுவதையும் அவர் நிறுத்தவில்லை. பிற்கால வாழ்வு முழுவதற்கும் இந்நிகழ்ச்சி ஒரு முன்னுரைபோல் அமைந்தது.

அடக்குமுறையைப் பொறுக்காத அவரது இயல்பை உணர்ந்த தந்தை அவரைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. எழுதவும் படிக்கவும் தாயிடமே கற்றார். ஓவியத்தில் மகனுக்கு இருந்த நாட்டத்தைக் கண்ட பெற்றோர், பத்தாம் வயதில் ஹென்றி பார்ஸ் நடத்திய ஓவியப் பள்ளியில் அவரைச் சேர்த்தனர். பழங்காலச் சிற்பங்களின் சுதை வார்ப்புகளைப் பார்த்து வரைவது அங்கே அடிப்படைப் பயிற்சியாக இருந்தது. தந்தை அளித்த சிறு தொகையைக் கொண்டு ஏலக்கடைகளில் அச்சோவியங்களை வாங்கிச் சேர்ப்பது சிறுவயதிலேயே அவருக்கு வழக்கமாயிற்று. அக்காலத்தில் பெரிதும் விரும்பப்படாத மைக்கேலேஞ்சலோ, ரஃபேல், ட்யூரர் ஆகியோரின் அச்சோவியங்களையே அவர் தேடி வாங்கினார்.

தொழில் கற்ற ஏழாண்டுகள்

ஓவியராகப் பயில்வதற்குப் பெரும்பொருள் தேவைப்பட்டது. தம் பொருட்டு உடன்பிறந்தோர் துன்புறலாகாது என்று கருதிய பிளேக், வருவாய்க்கு உறுதியான செதுக்கோவியத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார். 1772 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஜேம்ஸ் பசையர் என்னும் செதுக்கோவியரிடம் ஏழாண்டுக் காலத் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். அதற்காகத் தந்தை ஐம்பது கினி கட்டணம் செலுத்தினார்.

புகைப்படம் தோன்றாத காலம் அது. நூல்களில் படம் இடம்பெற வேண்டுமெனில், ஒருவர் வரைந்ததை மற்றொருவர் செப்புத்தகட்டில் கோடு கோடாக வெட்டியெடுக்க வேண்டும். கூரிய உளியால் வெட்டிய பள்ளங்களில் மையை நிரப்பி, ஈரத்தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் பதியும். ஒரு தகட்டை முடிக்கப் பல வாரங்கள் ஆகும். கை ஒருமுறை நழுவினாலும் உழைப்பு வீணாகும். இத்தொழிலில் ஏழாண்டுகள் பழகியதால் தெளிவான புறக்கோடே ஓவியத்தின் உயிர் என்னும் கருத்து பிளேக்கின் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது.

பசையர், பழம்பொருள் ஆய்வாளர்களுக்காகப் படங்கள் செதுக்குபவர். ஆகவே வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் உள்ள அரசர், அரசியரின் கல்லறைச் சிற்பங்களை வரைந்து வருமாறு பிளேக்கை அனுப்பினார். உயர்ந்த தூண்கள் சூழ்ந்த அக்கோயிலின் தனிமையில் நெடுநாள் அமர்ந்து, இடைக்காலச் சிற்பங்களை அவர் வரைந்தார். நீண்டு நிமிர்ந்த உருவங்கள், அலையலையாய் இறங்கும் ஆடை மடிப்புகள், மேல்நோக்கி எழும் வளைவுகள் ஆகியன அவரது கற்பனையில் நிலைபெற்றன. பிற்காலத்தில் அவர் தீட்டிய வானவர்களும் முனிவர்களும் இக்கற்சிற்பங்களின் சாயலைக் கொண்டிருப்பதைக் காணலாம்.

பயிற்சி முடிந்த 1779 ஆம் ஆண்டில், ராயல் அகாதெமி என்னும் அரச கலைக்கழகத்தில் மாணவராக அனுமதி பெற்றார். அதன் தலைவர் சர் ஜோஷுவா ரெனால்ட்ஸ், நாட்டின் புகழ்மிக்க உருவ ஓவியர். தனித்தனி நுணுக்கங்களை விலக்கிப் பொதுமையான அழகைத் தீட்டுவதே உயர்ந்த கலை என்பது அவர் கற்பித்த கொள்கை. நுணுக்கத்திலேயே உண்மை உறைகிறது என்பது பிளேக்கின் நம்பிக்கை. இக்கருத்து வேற்றுமை இறுதிவரை தீரவில்லை. எண்ணெய் வண்ணம் கோட்டின் தெளிவை மறைத்துவிடும் என்று கருதிய அவர், வாழ்நாள் முழுவதும் நீர்வண்ணத்தையும் பசை கலந்த வண்ணத்தையுமே விரும்பிக் கையாண்டார்.

இல்லறத் துணை

1782 ஆம் ஆண்டு ஆகஸ்டு 18 ஆம் நாள், தோட்டப் பயிர் விளைவித்து விற்பவரின் மகளான கேத்தரின் பௌச்சரைப் பிளேக் மணந்தார். திருமணப் பதிவேட்டில் மணமகள் கையொப்பமிடவில்லை. பெருக்கல் குறி ஒன்றை மட்டும் இட்டார். எழுத்தறியாத அப்பெண்ணுக்குப் பிளேக் எழுதவும் படிக்கவும் கற்பித்தார். பின்னர் வரையவும் வண்ணம் தீட்டவும் அச்சு இயக்கவும் பயிற்றுவித்தார். தாள் நனைத்தல், மை ஏற்றுதல், படிகளுக்கு வண்ணமிடுதல், ஏடுகளைத் தைத்தல் என அனைத்துப் பணிகளிலும் கேத்தரின் பங்கேற்றார். பிளேக்கின் நூல்கள் என்று இன்று உலகம் போற்றுபவை இருவரின் கையுழைப்பால் உருவானவை.

வீட்டில் பணம் தீர்ந்தபோது கேத்தரின் அதனைச் சொற்களால் தெரிவிப்பதில்லை என்றும், உணவு வேளையில் வெறுந்தட்டைக் கணவர்முன் வைப்பார் என்றும், அதனைக் கண்ட பிளேக் தம் ஓவியத்தை விடுத்துப் பிறருக்கான செதுக்குப் பணியை மேற்கொள்வார் என்றும் அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுவர். தாம் காண்பதைத் தீட்டும் வேட்கைக்கும், பிறர் கேட்பதைச் செதுக்கிப் பிழைக்கும் கட்டாயத்திற்கும் இடையே நிகழ்ந்த போராட்டம் அவ்வீட்டின் அன்றாட நிகழ்வாக இருந்தது.

ஒளியூட்டிய அச்சு

பிளேக் பெரிதும் நேசித்தவர் தம்பி இராபர்ட். அவருக்கு ஓவியமும் கற்பித்துவந்தார். 1787 ஆம் ஆண்டில் காசநோயால் இராபர்ட் இறந்தார். இறுதி நாள்களில் பிளேக் உறக்கமின்றி அருகிலிருந்து பேணினார். உயிர் பிரிந்த வேளையில், தம்பியின் ஆன்மா மகிழ்ச்சியால் கைகொட்டியபடி மேலெழுந்து சென்றதைக் கண்டதாக அவர் கூறினார்.

தம் கவிதையையும் ஓவியத்தையும் ஒரே பக்கத்தில் அச்சிட வழி தேடிக்கொண்டிருந்த காலம் அது. அச்சுக்கோப்பவர், செதுக்கோவியர், பதிப்பாளர் எனப் பலரைச் சார்ந்தால் பெரும்பணம் தேவைப்படும். அதற்குரிய முறையை இராபர்ட் கனவில் தோன்றி விளக்கியதாகப் பிளேக் நம்பினார். கையிலிருந்த இறுதி இரண்டரை ஷில்லிங்கை எடுத்துச்சென்று கேத்தரின் அதற்குத் தேவையான பொருள்களை வாங்கி வந்தார் என்பர்.

வழக்கமான செதுக்குமுறையில் கோடு பள்ளமாக அமையும். பிளேக் அதனைத் தலைகீழாக மாற்றினார். அமிலம் தாக்காத ஒரு கலவையைத் தூரிகையாலும் இறகுப் பேனாவாலும் தொட்டு, செப்புத்தகட்டில் நேரடியாக எழுதினார், வரைந்தார். பின்னர்த் தகட்டின்மேல் அமிலத்தை ஊற்றினார். கலவை படாத இடங்களை அமிலம் அரித்தது. எழுத்தும் ஓவியமும் புடைப்புச் சிற்பம்போல் மேலெழுந்து நின்றன. அவற்றின்மீது மை தடவித் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு படிக்கும் கையால் நீர்வண்ணம் தீட்டினார். அச்சில் எழுத்து நேராக அமைய வேண்டுமாதலால், தகட்டில் எல்லாச் சொற்களையும் கண்ணாடியில் தெரிவதுபோல் வலமிருந்து இடமாக எழுத வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பக்கங்களை அவர் இவ்வாறு எழுதினார்.

இம்முறையில் 1789 ஆம் ஆண்டில் 'கள்ளமின்மைப் பாடல்கள்' வெளிவந்தது. 1794 ஆம் ஆண்டில் அதனுடன் 'பட்டறிவுப் பாடல்கள்' இணைந்து, மனித ஆன்மாவின் இரு எதிர் நிலைகளைக் காட்டும் ஒரே நூலாயிற்று. முதற்பகுதியில் ஆட்டுக்குட்டியைப் பாடியவர் இரண்டாம் பகுதியில் புலியைப் பாடினார். பூங்கொடிகள் எழுத்துகளினூடே படர்கின்றன. வரிகளுக்கிடையே பறவைகள் பறக்கின்றன. சிறார் கிளைகளில் ஏறி விளையாடுகின்றனர். பாடலையும் படத்தையும் பிரித்துப் படித்தால் பொருள் குறைவுபடும். ஒவ்வொரு படியும் வெவ்வேறு வண்ணத்தில் அமைந்ததால் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. 1793 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விளம்பரத்தில் இப்பாடல் நூல்களின் விலை தனித்தனியே ஐந்து ஷில்லிங் என்று குறிக்கப்பட்டிருந்தது. வாங்கியோர் மிகச் சிலரே.

சமூகத்தைக் கண்ட கண்

அகக்காட்சியில் திளைத்தவராயினும் பிளேக் தம் காலத்தின் துயரங்களைக் காணத் தவறவில்லை. அக்கால இலண்டனில் வீடுகளின் புகைபோக்கிகளைத் துடைக்கச் சிறுவர்களைப் பயன்படுத்தினர். குறுகிய கரிக்குழாய்களுக்குள் ஏறி இறங்கிய அப்பிள்ளைகள் நோயுற்றும் விபத்தில் சிக்கியும் இளமையிலேயே மடிந்தனர். அவர்களைப் பற்றித் தம் நூலின் இரு பகுதிகளிலும் பிளேக் பாடல் எழுதினார்.

தென் அமெரிக்காவின் சூரினாமில் அடிமைகள் அடைந்த கொடுமைகளை விவரிக்கும் ஜான் கேப்ரியல் ஸ்டெட்மனின் நூல் 1796 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்குரிய படங்கள் பலவற்றைச் செதுக்கியவர் பிளேக். அமெரிக்க விடுதலைப் போரையும் பிரெஞ்சுப் புரட்சியையும் வரவேற்ற அவர், 'அமெரிக்கா', 'ஐரோப்பா' என்னும் ஓவிய நூல்களில் அடக்குமுறைக்கும் விடுதலைக்கும் இடையே நிகழும் மோதலைப் பெரும் புராணமாகப் படைத்தார். அப்புராணத்தின் மாந்தரையும் பெயர்களையும் அவரே புனைந்தார்.

கற்பனையின் மெய்ம்மை

'ஐரோப்பா' நூலின் முகப்பில் அமைந்த 'தொன்மையின் முதல்வன்' என்னும் ஓவியம் புகழ்பெற்றது. நரைத்த தலைமுடி காற்றில் பறக்க, செஞ்சுடர் வட்டத்துள் ஒருகால் மடித்து அமர்ந்த முதியவர், கீழே உள்ள பேரிருளில் ஒளிக் கவராயத்தை நீட்டுகிறார். முதற்பார்வையில் இது உலகைப் படைக்கும் இறைவனின் தோற்றமாகத் தெரியும். பிளேக்கின் புராணத்தில் இவர் யூரிசன். எல்லாவற்றையும் அளந்து எல்லைகட்டும் தனியறிவின் உருவம்.

1795 ஆம் ஆண்டளவில் உருவாக்கிய பெரிய வண்ண அச்சோவியங்களுள் ஒன்றான 'நியூட்டன்' அக்கருத்தையே வேறொரு வகையில் காட்டுகிறது. பாசியும் பவளமும் போன்ற வண்ணங்கள் மின்னும் பாறைமீது கட்டுடல் கொண்ட இளைஞராக நியூட்டன் அமர்ந்துள்ளார். கீழே விரிந்த சுருளில் கவராயத்தால் வரையும் அவர், தம்மைச் சூழ்ந்த அழகைத் திரும்பியும் பார்க்கவில்லை. அளவிடும் அறிவு மட்டுமே போதும் என்று எண்ணுவோர் இழப்பது எவ்வளவு என்பதை இவ்வோவியம் உணர்த்துகிறது. ஆனால் நியூட்டனைப் பிளேக் இழிவாகத் தீட்டவில்லை. அவரது உடலின் வலிமையும் முகத்தின் ஒருமுனைப்பும் மதிப்போடுதான் வரையப்பட்டுள்ளன.

பிளேக்கின் ஓவியங்களில் நிகழ்பவை அனைத்தும் உலகியலுக்கு அப்பாற்பட்டவை. ஆயினும் அவற்றுள் மங்கலான பகுதி ஒன்றும் இராது. தசைநாரும் விரல்நுனியும் தழலின் நாவும் தெளிவான கோட்டால் வரையறுக்கப்பட்டிருக்கும். ஆவிகள் புகைபோல் உருவற்றவை என்னும் பொதுக்கருத்தை அவர் மறுத்தார். ஊனக்கண் காண்பதைக் காட்டிலும் அகக்கண் காண்பது துல்லியமானது என்பதே அவரது உறுதியான நம்பிக்கை. இத்துல்லியமே அவரது கற்பனைக்கு மெய்ம்மையின் வலிமையை அளித்தது.

சோதனைக் காலம்

எட்வர்டு யங் எழுதிய 'இரவுச் சிந்தனைகள்' என்னும் நெடும்பாடலுக்கு 537 நீர்வண்ண ஓவியங்களைப் பிளேக் தீட்டினார். அப்பெரும்பணிக்குக் கிடைத்த ஊதியம் ஏறத்தாழ இருபது கினி மட்டுமே. 1797 ஆம் ஆண்டில் 43 படங்களோடு முதற்பகுதி வெளிவந்தது. விற்பனை இல்லாததால் எஞ்சிய பகுதிகள் வெளிவரவில்லை.

1800 ஆம் ஆண்டில், வில்லியம் ஹேலி என்னும் கவிஞரின் அழைப்பை ஏற்று, சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ஃபெல்பாம் சிற்றூருக்கு இணையர் குடிபெயர்ந்தனர். கடலும் வெளியும் பிளேக்கை மகிழ்வித்தன. ஆனால் ஹேலி அளித்த சிறுசிறு பணிகள் அவரது கற்பனைக்கு விலங்காயின. 1803 ஆகஸ்டில் ஜான் ஸ்கோஃபீல்டு என்னும் படைவீரர் அவரது தோட்டத்திற்குள் நுழைந்து வெளியேற மறுத்தார். பிளேக் அவரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டார். அவ்வீரரோ பிளேக் அரசரைப் பழித்துப் பேசினார் என்று குற்றம் சாட்டினார். நெப்போலியனின் படையெடுப்பை நாடே அஞ்சியிருந்த வேளையில் அரச நிந்தனை கடுங்குற்றமாகும். 1804 சனவரியில் சிசெஸ்டர் நகரில் வழக்கு விசாரிக்கப்பட்டது. அயலார் பிளேக்கிற்கு ஆதரவாகச் சான்றுரைத்தனர். வழக்கறிஞரை அமர்த்தி ஹேலி துணைநின்றார். பிளேக் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று.

அதற்கு முன்னரே இலண்டன் திரும்பியிருந்த பிளேக்கை மேலும் ஏமாற்றங்கள் எதிர்கொண்டன. இராபர்ட் பிளேர் எழுதிய 'கல்லறை' என்னும் பாடலுக்கு ஓவியம் வரையும் பணியை இராபர்ட் குரோமெக் அவரிடம் ஒப்படைத்தார். ஓவியங்களைப் பெற்றுக்கொண்ட பின், மிகுந்த ஊதியம் தரும் செதுக்குப் பணியை வேறொருவருக்கு அளித்துவிட்டார்.

இனித் தம் கலையை மக்களிடம் நேரில் கொண்டுசெல்வதே வழி என்று பிளேக் துணிந்தார். 1809 ஆம் ஆண்டில், தாம் பிறந்த பிராட் தெரு வீட்டில் அண்ணன் நடத்திவந்த காலுறைக் கடையின் மாடியில் 16 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். விளக்கக் கையேடு உட்பட நுழைவுக் கட்டணம் இரண்டரை ஷில்லிங். வந்தவர் மிகச் சிலர். 'எக்சாமினர்' இதழில் மட்டும் ஒரு திறனாய்வு வந்தது. அதுவும் அவரை இரங்கத்தக்க பித்தர் என இகழ்ந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. அதன்பின் பொதுக் காட்சி எதனையும் அவர் நடத்தவில்லை.

தெரிந்து தெளிவோம்

1809 ஆம் ஆண்டுக் காட்சியில் இடம்பெற்ற படைப்புகளுள் ஒன்று இந்தியாவோடு தொடர்புடையது. சார்லஸ் வில்கின்ஸ் பகவத்கீதையை மொழிபெயர்ப்பதைக் காட்டும் ஓவியம் அது. அவரது ஆங்கில மொழிபெயர்ப்பு 1785 ஆம் ஆண்டில் இலண்டனில் வெளிவந்தது. பிளேக் வரைந்த அவ்வோவியம் இன்று கிடைக்கவில்லை. அவரது விளக்கக் கையேட்டில் உள்ள குறிப்பு மட்டுமே எஞ்சியுள்ளது.

முதுமையின் மலர்ச்சி

அடுத்துவந்த ஆண்டுகளில் பிளேக்கை உலகம் ஏறத்தாழ மறந்தே போயிற்று. ஆனால் அவர் பணியை நிறுத்தவில்லை. 1804 இல் தொடங்கிய 'ஜெருசலேம்' என்னும் பெருநூலை, வாங்குவோர் இருப்பார் என்னும் உறுதி இன்றியே, நூறு செப்புத்தகடுகளில் 1820 அளவில் நிறைவுசெய்தார். வண்ணம் முழுவதும் தீட்டிய படி ஒன்றே ஒன்று உருவாயிற்று.

1818 ஆம் ஆண்டில் ஜான் லினெல் என்னும் இளம் ஓவியர் அவரைச் சந்தித்தார். அச்சந்திப்பு பிளேக்கின் முதுமையை மலரச் செய்தது. லினெலின் வழியே சோதிடத்தில் நம்பிக்கை கொண்ட நீர்வண்ண ஓவியர் ஜான் வார்லி நண்பரானார். இரவு நேரங்களில் வார்லி வரலாற்று மாந்தரின் பெயரைச் சொல்வார். அவர் எதிரே வந்து அமர்ந்திருப்பதுபோல் நோக்கிப் பிளேக் வரைவார். அவ்வாறு தோன்றியதே 'தெள்ளுப்பூச்சியின் ஆவி' என்னும் ஓவியம். குருதிக் கிண்ணத்தை ஏந்தி, நாவை நீட்டியபடி, திரைகளுக்கிடையே நடக்கும் கட்டுடல் பூதம் அது. பின்னணியில் விண்மீன்கள் வீழ்கின்றன. குருதிவெறி கொண்ட மனிதரின் ஆன்மாக்கள் தெள்ளுப்பூச்சிகளில் அடைபட்டுள்ளன என்பது அதற்குப் பிளேக் தந்த விளக்கம். அச்சம் தரும் அவ்வுருவம் தீட்டப்பட்ட பலகையின் உயரம் ஏறத்தாழ 21 செ.மீ. மட்டுமே.

லினெலின் வேண்டுகோளால் விவிலியத்தில் உள்ள யோபுவின் வரலாற்றை 21 படங்களாகச் செதுக்கி 1826 ஆம் ஆண்டில் வெளியிட்டார். காரணமறியாத் துன்பத்தில் வீழ்ந்தும் நம்பிக்கை இழக்காத மனிதரின் கதை அது. முதற்படத்தில் மரத்தில் தொங்கும் இசைக்கருவிகள், இறுதிப் படத்தில் யோபுவின் குடும்பத்தார் கைகளில் இசைக்கப்படுகின்றன. பிளேக்கின் செதுக்குத் திறனுக்கு உச்சமாக இத்தொகுப்பைக் கருதுவர். பின்னர், தாந்தேயின் காப்பியத்தை ஓவியமாக்குவதற்காக அறுபது வயது கடந்த நிலையில் இத்தாலிய மொழி கற்றார். நோய்ப்படுக்கையிலும் வரைந்து 102 ஓவியங்களை உருவாக்கினார். அவற்றுள் பல முற்றுப்பெறவில்லை.

இவ்விறுதி ஆண்டுகளில், ஃபவுண்டன் கோர்ட் என்னும் சந்தில் இரண்டே அறைகளில் இணையர் வாழ்ந்தனர். ஓர் அறையிலேயே சமையலும் உறக்கமும் ஓவியப் பணியும் நடைபெற்றன. சாமுவேல் பால்மர், எட்வர்டு கால்வர்ட், ஜார்ஜ் ரிச்மண்டு முதலிய இளம் கலைஞர்கள் அவ்வறையைத் தேடி வந்தனர். பிளேக்கைத் தங்கள் ஆசானாக ஏற்றுப் போற்றினர்.

மறைவும் புகழும்

1827 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள் பிளேக் மறைந்தார். இறுதி நாள்களில், 'தொன்மையின் முதல்வன்' ஓவியத்தின் ஒரு படிக்குப் படுக்கையிலிருந்தவாறே வண்ணம் தீட்டினார். அருகில் கண்ணீருடன் இருந்த மனைவியை நோக்கி, அவரது உருவத்தையும் வரைந்தார். பாடியவாறே உயிர்நீத்தார் என்று உடனிருந்தோர் வழிவந்த செய்திகள் கூறுகின்றன. அடக்கச் செலவுக்கு லினெலிடம் கடன் பெற வேண்டியிருந்தது. பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில், பெயர் பொறித்த கல் எதுவுமின்றிப் பிறரோடு பகிர்ந்த குழியில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகள் உடன் உழைத்த கேத்தரின் 1831 ஆம் ஆண்டில் காலமானார்.

பிளேக் விட்டுச்சென்ற குறிப்பேடு ஒன்றை 1847 ஆம் ஆண்டில் பத்து ஷில்லிங்கிற்கு வாங்கியவர், ஓவியரும் கவிஞருமான டான்டே கேப்ரியல் ரொசெட்டி. அலெக்சாண்டர் கில்கிறிஸ்ட் பிளேக்கின் வரலாற்றை எழுதத் தொடங்கி, முடிக்குமுன் 1861 இல் மறைந்தார். அவருடைய மனைவி ஆன் அப்பணியை ரொசெட்டி உடன்பிறந்தோரின் துணையுடன் நிறைவுசெய்து 1863 இல் வெளியிட்டார். அந்நூல் மறக்கப்பட்ட கலைஞரை உலகிற்கு மீட்டுத் தந்தது. 1893 இல் கவிஞர் யேட்ஸ், எட்வின் எல்லிஸுடன் இணைந்து அவரது படைப்புகளைப் பதிப்பித்தார். 1916 இல் ஹியூபர்ட் பாரி இசையமைத்த அவரது பாடல் ஒன்று இன்று இங்கிலாந்து மக்கள் கூடிப் பாடும் பாடலாக விளங்குகிறது.

பிளேக் பிறந்து இருநூறாண்டுகள் நிறைந்த 1957 ஆம் ஆண்டில், சிற்பி ஜேக்கப் எப்ஸ்டைன் வடித்த அவரது மார்பளவுச் சிலை வெஸ்ட்மின்ஸ்டர் பெருங்கோயிலில் நிறுவப்பட்டது. தொழில் பழகும் சிறுவராக அமர்ந்து பிறருடைய நினைவுச் சிற்பங்களை வரைந்த இடத்திலேயே அவருக்கும் நினைவுச்சின்னம் அமைந்தது. இலண்டனில் உள்ள பிரித்தானிய நூலகத்தின் முற்றத்தில், அவரது 'நியூட்டன்' ஓவியத்தைத் தழுவி எட்வர்டோ பவுலோட்சி வடித்த பெரிய வெண்கலச் சிலை நிற்கிறது. 2018 ஆம் ஆண்டு ஆகஸ்டு 12 ஆம் நாள், அவர் அடக்கம் செய்யப்பட்ட இடத்தைக் கண்டறிந்து பெயர் பொறித்த கல்லொன்றை அவரது அன்பர்கள் நாட்டினர்.

செல்வம், செல்வாக்கு, பாராட்டு ஆகிய மூன்றும் பிளேக்கிற்கு வாழ்நாளில் வாய்க்கவில்லை. அவற்றைப் பெறுவதற்காகத் தம் ஓவியத்தை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு பலமுறை வந்தும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. உள்ளத்தில் தோன்றும் காட்சி எவ்வளவு உயர்ந்ததாயினும், அதனைப் பிறர் காணச் செய்வதற்குத் தொழில் நுட்பமும் இடையறாத உழைப்பும் வேண்டும் என்பதற்கு அவரது செப்புத்தகடுகள் சான்றாகின்றன. அகக்கண் கண்டதை உண்மையெனத் துணிந்து, அதற்கேற்பக் கையைப் பழக்கிய கலைஞராக வில்லியம் பிளேக் என்றும் நினைக்கப்படுவார்.